இரு வீட்டிலும் பார்க்க வேண்டியவை: கர்ப்ப காலத்தில் நச்சு உலோகங்கள்

வங்கதேசத்தின் கிராமப்புறங்களில் 430 கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 31 விழுக்காட்டினருக்கு ஈயத்தின் அளவு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. அந்தப் பெண்கள் ஆலையில் வேலை செய்பவர்கள் அல்லர். வயலும் வீடுமாக வாழ்ந்தவர்கள். அரிசிக் கொள்கலன், பூச்சிமருந்து, மண் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துச் சோதித்த ஆய்வாளர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் சமையலறை. மஞ்சள் கிழங்கு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, மெருகேற்றும் ஆலைகளில் ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறமியைத் தூவியிருந்தார்கள். இரத்தத்தில் இருந்த ஈயமும் அந்த நிறமியின் ஈயமும் ஒன்றே என்பது 2019-ல் உறுதியானது. அரசு உடனே இறங்கியது. ஆலைகளில் சோதனை, மொத்த வியாபாரிகளுக்கு அபராதம், ஊரெங்கும் எச்சரிக்கை. 2019-ல் சந்தை மஞ்சளில் 47 விழுக்காட்டு மாதிரிகளில் இருந்த ஈயம், 2021-ல் எடுத்த மாதிரிகளில் இல்லாமலே போனது.

இந்த அத்தியாயம் முழுவதும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் இதில் இருக்கின்றன. நச்சு உலோகம் பெரும்பாலும் நாம் சந்தேகிக்காத அன்றாடப் பொருள் வழியாகவே வருகிறது. எந்த வழி என்று கண்டுபிடித்துவிட்டால், அதை அடைக்க முடியும்.

குழந்தைக்கு என்ன நடக்கிறது

கர்ப்ப காலத்தில் நாம் கவனிக்க வேண்டிய உலோகங்கள் நான்கு: ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக். நான்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

ஈயத்தை நஞ்சுக்கொடி தடுப்பதில்லை. தாயின் இரத்தத்தில் உள்ள அளவுக்குச் சற்றே குறைவாகக் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அது இருக்கும். உடல் ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. வயது வந்தவரின் உடலில் உள்ள ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பிலேயே தங்கியிருக்கும், அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. குழந்தையின் எலும்பு வளர, கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து நிறைய கால்சியம் போகிறது. உணவில் அது போதாவிட்டால் தாயின் எலும்பு கரைந்து கொடுக்கும். அப்போது சிறுவயதில் சேர்ந்த பழைய ஈயமும் கூடவே இரத்தத்துக்கு வரும். இன்று எந்த நச்சையும் தொடாத பெண்ணுக்கும் இந்த ஆபத்து உண்டு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல்தான் முழுமையாக நிறுத்தப்பட்டது. அதற்கு முன் நகரச் சாலையோரங்களில் வளர்ந்த பெண்கள் பலர் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள்.

பாதரசத்தில், மீன் வழியாக வரும் மீத்தைல் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடப்பதோடு குழந்தையின் பக்கமே அதிகம் சேர்கிறது. தாயின் இரத்தத்தைவிடத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிப்பட்ட பேரிடர் இதைக் கற்பித்தது. ஆலைக் கழிவு கலந்த விரிகுடாவின் மீனை உண்ட தாய்மார்கள் சிலரிடம் பெரிய அறிகுறிகள் தெரியவில்லை. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளோ மூளை பாதிக்கப்பட்டிருந்தார்கள். நம் ஊரில் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து வைப்பதுபோல அங்கும் காயவைத்துப் பாதுகாக்கும் வழக்கம் உண்டு. அந்தக் கொடிகளில் இருந்த பாதரசமே பிற்பாடு சான்றாக நின்றது.

காட்மியத்தை நஞ்சுக்கொடி பெருமளவு தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் அதனால் நஞ்சுக்கொடியின் வேலை கெடுகிறது. குழந்தைக்குப் போக வேண்டிய துத்தநாகம் குறைகிறது. காட்மியம் உடலுக்குள் வர ஒரு முக்கிய வழி புகையிலை.

ஆர்செனிக் நிலத்தடி நீரில் கரைந்து வருவது. வங்கதேசம், மேற்கு வங்கம், பீகார் ஆகிய கங்கைச் சமவெளிப் பகுதிகளில் இது பெரும் பிரச்சினை. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் தாய்–சேய் இணைகளைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், தாயின் சிறுநீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரையிலான அளவில், ஆர்செனிக் ஒவ்வொரு மைக்ரோகிராம் கூடும்போதும் குழந்தையின் எடை சராசரியாக 1.7 கிராம் அளவுக்குக் குறைந்தது. தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும்கூடச் சிறிது குறைந்தன.

எவ்வளவு கவலைப்பட வேண்டும்

ஒரு குழந்தைக்கு 50 அல்லது 80 கிராம் குறைவது தாயின் கண்ணுக்குத் தெரியாது. மூன்று கிலோவில் பிறக்க வேண்டிய குழந்தைக்கு அது பெரிய இழப்பும் அல்ல. ஆனால் நம் நாட்டில் எத்தனையோ குழந்தைகள் 2,500 கிராம் என்ற எல்லைக்கு அருகிலேயே பிறக்கிறார்கள். இரத்தசோகை, போதாத உணவு, அடுப்புப் புகை ஆகியவற்றால் ஏற்கெனவே எடை குறைந்திருக்கும் குழந்தையை இன்னும் சில பத்து கிராம் அந்த எல்லைக்குக் கீழே தள்ளிவிடும். ஈயம் அதிகமானால் குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

எடை குறைந்து பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் உலோகம்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். எந்தத் தாயும் இதற்காகத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். மஞ்சளில் நிறமி கலந்தது தாய் அல்ல. அவர் செய்யக்கூடியதும், குடும்பம் செய்ய வேண்டியதும் எவை என்பதே இனி நாம் பார்க்கப்போவது.

முதல் காவல்: இரும்பும் கால்சியமும்

வீட்டைச் சோதிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. குடல், இரும்பை உறிஞ்சும் அதே வாயில் வழியாக ஈயத்தையும் காட்மியத்தையும் உள்ளே விடுகிறது. உடலில் இரும்பு குறைந்தால் அந்த வாயில்கள் பெருகுகின்றன. பேருந்தில் காலியாக இருக்கும் இருக்கையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காருவதுபோல, இரும்புக்கும் கால்சியத்துக்கும் உரிய இடத்தில் நச்சு உலோகம் வந்து அமர்கிறது. ஐந்தாம் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. எனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரை இரத்தம் ஊறுவதற்கு மட்டுமன்றி, இந்த நச்சைத் தடுக்கவும் வேலை செய்கிறது.

• இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, குறைந்தது 180 நாட்கள் சாப்பிடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றோடு சேர்த்தால் நன்றாக உடலில் சேரும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, தேநீர் வேண்டாம்.

• கால்சியம் மாத்திரையை 14-ஆம் வாரத்திலிருந்து நாளுக்கு இரண்டு (500 மில்லிகிராம் வீதம்), உணவோடு சாப்பிடுங்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தொடரலாம். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்கும்.

• மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்த சோதனையில், அவர்களின் இரத்தத்தில் ஈயம் சராசரியாக 11 விழுக்காடு குறைந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் கூடுதலாகக் குறைந்தது.

• கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, மோர், தயிர், முட்டை, பாசிப்பயறு எல்லாம் கைக்கெட்டும் உணவுகளே. வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும். மசக்கையில் சாப்பிடப் பிடிக்காவிட்டாலும் சிறிது சிறிதாக அடிக்கடி உண்ணுங்கள்.

மசக்கையில் மண், சாம்பல், செங்கல், பலப்பம் தின்ன வேண்டும்போல் இருந்தால் அதை மறைக்காதீர்கள். பெரும்பாலும் அது இரும்புக் குறைவின் அறிகுறி. மண்ணிலும் சாம்பலிலும் ஈயம் இருக்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாமியாரோ அம்மாவோ இதைக் கேலி செய்யாமல் கேட்டுக்கொள்வது பெரிய உதவி.

வீட்டைப் பார்க்கும் முறை

நம் பெண்களுக்கு இரண்டு வீடுகள். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் பலரும் பிரசவத்துக்காகத் தாய்வீடு போகிறார்கள். கடைசி மூன்று மாதங்களையும் குழந்தையின் முதல் சில மாதங்களையும் அங்கேதான் கழிக்கிறார்கள். எனவே கீழே உள்ள பட்டியலை இரண்டு வீட்டிலும் பாருங்கள். தாய்வீட்டைப் பெண் போய்ச் சேர்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சமையலறை

• மஞ்சள்: தெற்காசிய நகரங்களில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வில், பாட்னா, குவாஹாத்தி போன்ற இடங்களில் சில மெருகேற்றிய கிழங்குகளில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. மெருகேற்றாத, மங்கிய தோலுடைய விரலி மஞ்சளை வாங்கி, காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது. கையில் ஒட்டிக்கொள்ளும் கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தவிருங்கள். மிளகாய்த்தூளுக்கும் இதே விதி.

• ஈயச் சொம்பு: தூய வெள்ளீயத்தில் செய்த சொம்பால் ஆபத்தில்லை. ஆனால் விலை குறைவான காரீயம், அதாவது நாம் இதுவரை ஈயம் என்று சொன்ன நச்சு உலோகம், அதில் கலந்திருந்தால் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. புளியும் தக்காளியும் சேர்ந்த ரசம் அதைக் கரைத்து எடுத்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசும்போதும் இதே சந்தேகம் உண்டு. கர்ப்பம் முடியும்வரை ரசத்தையும் குழம்பையும் எவர்சில்வரில் வையுங்கள்.

• இந்தாலியம், பழைய அலுமினியம்: இந்த வகைப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து உணவில் ஈயம் கசிவதாக 2025-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. புளிப்பான சமையலை இவற்றில் செய்யாதீர்கள். இரும்புக் கடாய் நல்லது. அதிலிருந்து உணவில் சேரும் இரும்பு நமக்குத் தேவையானதே.

• சோறு: குக்கரில் அப்படியே வேகவைப்பதைவிட, நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் அரிசியில் உள்ள ஆர்செனிக் குறையும். நீர் சுத்தமாக இருக்க வேண்டும். கங்கைச் சமவெளியிலிருந்து வேலைக்காக இங்கு வந்து பிரசவத்துக்கு ஊர் திரும்பும் பெண்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கொதிக்க வைத்தால் ஆர்செனிக் போகாது. சோதித்த கிணற்று நீரையே குடிக்க வேண்டும். இந்தியாவிலும் உலக அளவிலும் ஏற்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

சுவரும் தரையும்

• வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவு, ஜன்னல், கம்பிக் கேட்டில் அடித்த எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். குழந்தை வரப்போகிறது என்று ஆசையோடு பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக அடிப்பார்கள். அந்தத் தூசிதான் மிக ஆபத்தானது. அந்த வேலையைக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அல்லது குழந்தை வளர்ந்தபின் செய்யுங்கள். அவசியமானால் நனைத்துத் தேய்க்கச் சொல்லி, வேலை முடிந்து வீட்டை ஈரத்துணியால் துடைக்கும்வரை கர்ப்பிணி வேறு இடத்தில் இருக்கட்டும்.

• பெயிண்ட் உதிரும் வீட்டில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

• காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் கர்ப்பிணி அறையை விட்டு வெளியேறட்டும். மற்றவர் ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, தடித்த காகிதத்தால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள பாட்டிலில் அடைக்கலாம். துடைப்பம் போட்டால் அது சிதறும். இனி வாங்கும்போது டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்.

அலங்காரப் பொருட்கள்

• வகிட்டில் வைக்கும் சிந்தூர்ப் பொடியில், நியூஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 மாதிரிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 80 விழுக்காட்டில் ஈயம் இருந்ததாக 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. நெற்றித் தோல் வழியாக உள்ளே போவது குறைவு. கையில் ஒட்டிய பொடி வாய்க்குப் போவதே பெரிய ஆபத்து. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தை வையுங்கள். வைத்த கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

• சுர்மா என்ற பெயரில் விற்கும் கண்மை பெரும்பாலும் ஈய சல்பைடு. தாயும் வைக்க வேண்டாம், குழந்தைக்கும் இட வேண்டாம்.

• கர்ப்பத்தில் முகம் கறுப்பது இயல்பு. பிரசவத்துக்குப்பின் பெரும்பாலும் தானே மறையும். அதற்காகச் சிவப்பழகு கிரீம் தடவாதீர்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம்களைத் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-ல் மருத்துவர்கள் வெளிப்படுத்தினார்கள். காரணம் பாதரசம். தயாரிப்பாளர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத கிரீமைத் தொடவே வேண்டாம்.

மருந்து

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் மூலிகை மருந்துகளும் உண்டு, பாதரசம், லிங்கம் (பாதரசத் தாது), பாடாணம் (நச்சுக் கனிமம்), ஈயம் சேர்ந்த பற்பங்களும் செந்தூரங்களும் உண்டு. கர்ப்பிணி இரண்டாம் வகையை உட்கொள்ளக் கூடாது. நியூயார்க் நகரில் 2011–2012-ல் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நச்சு ஏற்பட்டதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்திருக்கிறது. கருத்தரிக்க, கரு நிலைக்க, ஆண் குழந்தை பிறக்க என்று சொல்லி விற்கும் எந்தப் பொடியையும் வாங்காதீர்கள். கரு ஆணா பெண்ணா என்பதை எந்த மருந்தும் மாற்றாது. சித்த மருத்துவரிடம் போனால் கர்ப்பமாக இருப்பதை முதலில் சொல்லி, "இதில் உலோகம், பாடாணம் சேர்ந்திருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். தகுதி பெற்ற மருத்துவர் தயங்காமல் பதில் சொல்வார்.

மீன்

மீனை நிறுத்தாதீர்கள். குழந்தையின் மூளைக்குத் தேவையான கொழுப்பும் புரதமும் அதில் இருக்கின்றன. எந்த மீன் என்பதில்தான் கவனம் வேண்டும். சிறிய மீனைப் பெரிய மீன் தின்று, அதை இன்னும் பெரியது தின்பதால், வேட்டையாடும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகிறது.

• தாராளமாக உண்ணக்கூடியவை: மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, காரப்பொடி, இறால். வாரத்துக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, மொத்தம் கால் கிலோவிலிருந்து முந்நூற்றைம்பது கிராம்வரை.

• அளவோடு: பெரிய வஞ்சிரம், பெரிய சூரை. வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

• தவிர்க்க வேண்டியவை: சுறா, வாள்மீன், மயில்மீன்.

தாய்ப்பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவில் புட்டு செய்து கொடுப்பது நம் கடலோரப் பழக்கம். பாசத்தோடு கொடுப்பதுதான் என்றாலும், அதற்குப் பதிலாக நெத்திலியோ மத்தியோ கொடுங்கள். புட்டின் பக்குவம் அதற்கும் பொருந்தும்.

வேலையிடத்திலிருந்து வருவது

பழைய பேட்டரி உடைப்பு, உலோகம் உருக்குதல், பெயிண்டிங், நகைப் பட்டறை, கணினிக் கழிவு பிரிப்பு ஆகிய வேலைகளில் இருக்கும் கணவரும் மாமனாரும் தங்கள் சட்டையிலும் தலைமுடியிலும் உலோகத் தூசியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மீனவக் குடும்பங்களில் வலைக்கான ஈயக் குண்டுகளை வீட்டு வாசலிலேயே உருக்கி வார்ப்பதும் உண்டு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் உருக்கும் வேலை கூடாது. வேலையிலிருந்து வருபவர் முடிந்தால் அங்கேயே குளித்து உடை மாற்றட்டும். முடியாவிட்டால் வீட்டுக்கு வெளியே செருப்பையும் உடையையும் கழற்றிக் குளித்தபின் உள்ளே வரட்டும். அந்தத் துணியைத் தனியாக, அவரே துவைக்கட்டும். பீடி, சிகரெட்டைக் கர்ப்பிணியின் அருகில் புகைப்பது குழந்தையின் நஞ்சுக்கொடிக்குக் காட்மியத்தை அனுப்புவதாகும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் அதே தீங்கைச் செய்யும்.

எப்போது சோதனை வேண்டும்

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை வழக்கத்தில் இல்லை. மேலே சொன்ன வேலைகள் வீட்டில் நடந்தால், உலோக மருந்து சாப்பிட்டிருந்தால், மண் தின்னும் பழக்கம் இருந்தால், பழைய பெயிண்ட் சுரண்டிய வீட்டில் இருந்திருந்தால், இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கைநரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் செய்யும் சோதனையே நம்பகமானது. தலைமுடியைச் சோதித்துச் சொல்லும் முடிவுகளை நம்ப வேண்டாம்.

உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதலின்படி, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் வரும் வழியைத் தேடி அடைக்க வேண்டும். உணவில் கால்சியமும் இரும்பும் குறைவாக இருந்தால் அவற்றையும் கூட்ட வேண்டும். மிக அதிக அளவில் மட்டுமே நச்சை வெளியேற்றும் மருந்து சிகிச்சை, அதுவும் மருத்துவமனையில் நிபுணர் மேற்பார்வையில். உடலைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லி விற்கும் பொடிகளும் பானங்களும் இதற்கு உதவாது.

குழந்தை பிறந்தபின்

பிறந்தவுடன் எடையோடு நீளத்தையும் தலைச் சுற்றளவையும் அளந்து தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் எடை மட்டுமே எழுதப்படுகிறது. நிறைமாதக் குழந்தைக்கு நீளம் 50 சென்டிமீட்டர் அளவிலும் தலைச் சுற்றளவு 33 முதல் 35 சென்டிமீட்டர் வரையிலும் இருப்பது வழக்கம். ஒருமுறை அளந்ததைவிட, அடுத்தடுத்த மாதங்களில் கோடு எப்படி ஏறுகிறது என்பதே முக்கியம். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாயின் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் பால் கொடுக்கலாம் என்பதே அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. அதற்கு மேல் இருப்பது அரிது. அப்போது மருத்துவர் வழிகாட்டுவார். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். கடையில் விற்கும் குழந்தை மாத்திரைகள் சிலவற்றில் லிங்கம் சேர்ந்திருக்கலாம். அவற்றைத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் பழக்கத்தை அன்போடு மறுத்துவிடுங்கள். தேனும் ஒரு வயதுக்கு முன் கூடாது.

யார், எப்போது, எதைச் செய்வது

• திருமணத்துக்குப்பின், கருத்தரிக்கும் முன்: இரத்தசோகையைச் சோதித்துச் சரிசெய்யுங்கள். பெயிண்ட் வேலை இருந்தால் முடியுங்கள். உலோக மருந்துகளை நிறுத்துங்கள்.

• முதல் மூன்று மாதம்: சமையலறைப் பட்டியலைப் பாருங்கள். கணவரின் வேலை உடைக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். முதல் பரிசோதனையிலேயே வேலை, மருந்து, மசக்கை மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• நான்காம் மாதம் முதல்: இரும்பும் கால்சியமும், வெவ்வேறு வேளையில், ஒருநாளும் விடாமல்.

• ஆறாம் மாதம்: தாய்வீட்டைப் பார்க்கும் பொறுப்பை அண்ணனோ தம்பியோ அப்பாவோ ஏற்றுக்கொள்ளட்டும். கர்ப்பிணி தூசியில் இறங்கக் கூடாது.

• பிரசவத்துக்குப்பின்: கால்சியத்தைத் தொடருங்கள், தாய்ப்பாலைத் தொடருங்கள், எடை அட்டையைத் தொடருங்கள்.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் கணவரும் பிறந்த வீட்டாரும் செய்ய வேண்டியவை. மீதியில் ஒரு பங்கு அரசுடையது. மஞ்சளையும் பெயிண்டையும் தெருமுனை உருக்காலையையும் ஒரு பெண் தனியாகச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. சந்தேகமான மசாலாவை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்வதும், குடியிருப்புக்குள் பேட்டரி உருக்கினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதுவதும், கிராம சபையில் இதைப் பேசுவதும் நம் உரிமை. வங்கதேசத்தில் இரண்டே ஆண்டுகளில் மஞ்சளைச் சுத்தமாக்க முடிந்தது. அங்கே ஆய்வாளரும் அதிகாரியும் வியாபாரியும் சேர்ந்து செய்ததை இங்கேயும் செய்ய முடியும், செய்ய வேண்டும்.